மஞ்சப்பட்டு ஆத்தாவின் நெற்றி

பொன்னமராவதி ஆறு கிலோமீட்டர் என்று எழுதிய கல்லைத் தாண்டிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது உறைத்தது. வைகாசி வெயில். தார் இளகிக் குதிகாலில் ஒட்டியது. செருப்பு படையல் நடந்த கதிரேசன் வீட்டு வாசலில் நூறு ஜோடிகளுக்கு நடுவே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கத் தோன்றவில்லை.

தோளில் பை. பையில் பிரஷ்கள், பாதி காலியான எண்ணெய் பாட்டில், கிழிந்த பனியன் துணிகள். பின்னால் ஒலிபெருக்கி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "சாப்புடாதவுங்க எல்லாம் அடுத்த பந்திக்கு வாங்க. வெளியூர்க்காரவுங்க மொதல்ல ஒக்காருங்க." நானும் வெளியூர்க்காரன்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

எதிரே பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். பின் சீட்டில் வாழை இலைக் கட்டு.

"அண்ணே, படையல் வீட்டுலேருந்தா வாரீங்க?"

"ஆமா."

"பொட்டு அழியலையாமே? அந்தம்மா என்னமோ மருந்தத் தொட்டுத் தேச்சும் ஆத்தா விடலையாம். நெசமா?"

"அழியலை."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் காலைக் கவனித்தார். "செருப்பில்லாம நடக்குறீங்க. வேண்டுதலா?"

"அப்புடித்தான் வச்சுக்கங்க."

நடந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பொட்டை வைத்தவன் நான். அது ஏன் அழியவில்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. இந்த வாரத் தொடரில் நான் திறந்துவிடுகிறேன்.

நாற்பது எலுமிச்சை

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், எட்டாவது தாண்டாத நீ எண்ணெய் ஓவியம் எங்கே கற்றாய் என்று கேட்டு எழுதியிருந்தார். லாரிகளுக்குப் பின்னால் மயில் வரைந்ததையும், சாயப்பட்டறையில் கை வெந்ததையும் முன்பே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கடலோர ஊர் ஒன்றில், ஒரு பட்டறையில் நான்கு வருடம் இருந்தேன்.

முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வரைந்த படங்களை நகல் எடுக்கும் பட்டறை அது. பழைய பங்களாக்களை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். கழுத்தில் வெள்ளைக் கொசுவப்பட்டை வைத்த பெண்கள், கால் கட்டித் தொங்கும் முயல், வெள்ளித் தட்டில் பாதி உரித்த எலுமிச்சை. அந்த எலுமிச்சையை மட்டும் நாற்பது தடவை உரித்திருக்கிறேன்.

முறையும் பழைய முறைதான். கெட்டித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி அதில் சுண்ணாம்புத் தூள் கலந்து பூச வேண்டும். காய்ந்ததும் தேய்க்க வேண்டும். மறுபடி பூச வேண்டும். பளிங்கு மாதிரி ஆன பிறகு மேலே மெல்லிய பழுப்பு. அதன்மேல்தான் உருவம்.

எனக்கு இதையெல்லாம் காட்டிக் கொடுத்தது ஸ்டெல்லா. என்னைவிட ஆறு வயது சின்னவள். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள். எப்போதும் காதில் பாட்டு ஓடும். ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டுப் பேசுவாள்.

"மெலிஞ்சது கீழ, கொழுத்தது மேல. மறந்துராதீங்கண்ணே. மாத்திப் போட்டா மூஞ்சி வெடிச்சுரும்."

எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், எண்ணெய் கூடிய பூச்சு மேலே என்று அர்த்தம். மேல்பூச்சு முதலில் இறுகி அடிப்பூச்சு பிறகு இறுகினால் படம் வறண்ட கண்மாய் மாதிரி பிளந்துபோகும்.

முகம் போடும்போது முதலில் சதை நிறமே கிடையாது. சாம்பலும் வெள்ளையும் கலந்து, ரத்தம் வடிந்த முகமாக எழுப்ப வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்குப் பொணப்பூச்சு என்று பெயர். அது நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெயில் துளி நிறம் கரைத்துக் கண்ணாடி மாதிரி மேலே மேலே ஓட்ட வேண்டும். ஏழெட்டுத் தடவை ஓட்டினால் கன்னத்தில் ரத்தம் வரும்.

நகல் எடுப்பதில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பது. மூக்கு கோணலாக இருந்தால் கோணல். யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஊர், வீடு, கல்யாணம் என்று எதிலும் உருப்படியாக ஒரு முடிவெடுக்காத எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு துணியிலேயே மெஷினில் அச்சடித்த படங்கள் வந்தன. பட்டறையை மூடினார்கள். ஸ்டெல்லா துபாயில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனாள். "அங்கயும் பூச்சுதான்ணே. மூஞ்சி மட்டும் கொஞ்சம் பேசும்" என்றாள்.

பின்னமான படம்

புதுக்கோட்டையில் ஒரு ஃபிரேம் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோது கதிரேசன் வந்தார். பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். ஐம்பது தாண்டியவர், கடலை வியாபாரம். கடைக்காரர் என்னைக் காட்டி, "இவருக்கு அந்தக் காலத்து முறையெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் வீட்டில் ஒரு பெண்ணின் எண்ணெய் ஓவியம் இருந்தது. நூறு வருடம் இருக்கும். மஞ்சப்பட்டு ஆத்தா என்று பெயர். புருஷன் இருக்கும்போதே பூவோடும் பொட்டோடும் இறந்துபோன பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது பல குடும்பங்களில் உண்டு. இவர்கள் வீட்டு ஆத்தாவும் அப்படித்தான் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் படையல் போட்டு, ஒரு மஞ்சள் பட்டுச்சேலையைப் படத்தின் முன் வைப்பார்கள். மணப்பெண்ணைப் பெற்றவள் அதை எடுத்துப் பெண் கையில் கொடுப்பாள். மஞ்சள் ஏன் என்றால், படத்தில் ஆத்தா உடுத்தியிருப்பது மஞ்சள்.

படத்தின் ஒரு மூலை கரையானுக்குப் போயிருந்தது. தோளில் கிழிசல். பின்னமான சிலைக்கும் படத்துக்கும் பூசை ஆகாது. புதிது வந்ததும் பழையதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல எடுத்தது ஆகாது ஆர்ட்டிஸ்ட்" என்றார் கதிரேசன். "அவ எப்புடி உருவானாளோ அப்புடியே உருவாகணும். அதே துணி, அதே எண்ணெ, ஒண்ணு மேல ஒண்ணா அதே பூச்சு. இல்லாட்டி படத்துல எறங்க மாட்டா. வேலை முடியிற வரைக்கும் கவிச்சி தொடப்படாது."

"முட்டை?"

"முட்டையும் கவிச்சிதான்."

பழைய முறையில் சில பூச்சுகளுக்கு முட்டை மஞ்சள்கரு சேர்ப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

கல்யாணம் அவர் தங்கை மகள் திவ்யாவுக்கு. தங்கை பெயர் வளர்மதி. நாற்பதைத் தாண்டியவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தபோது இறந்து எட்டு வருடம். மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். பொன்னமராவதியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

எச்சில் பஞ்சு

பழைய படத்தை நகல் எடுக்கும் முன் அதன் நிறம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். வார்னிஷுக்கு வயதானால் மஞ்சளாகிவிடும். அதன்மேல் விளக்குப் புகை, சாம்பிராணி, எண்ணெய்க் கை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சில் தொட்டு, விரல்நகம் அளவு இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைப்போம். அழுக்கு எடுக்க எச்சிலைப் போல வேறொன்று கிடையாது. சாமி படத்தில் எச்சில் படுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அழுக்குக்குக் கீழே உள்ள வார்னிஷை ஸ்பிரிட் எடுத்துவிடும்.

முதலில் முந்தானையில் துடைத்தேன். மஞ்சள் பஞ்சில் வந்துவிட்டது. கீழே வெள்ளை.

இன்னொரு இடத்தில் துடைத்தேன். வெள்ளை.

காதில் துடைத்தேன். காது குத்திய ஓட்டை இருந்தது. தோடு இல்லை. கடைசியாக நெற்றி. படையலுக்குப் படையல் அப்பிய குங்குமம் அங்கே காசு கனத்துக்குப் பொருக்குத் தட்டியிருந்தது. அதற்கு அடியில் ஓவியன் வைத்த பொட்டு இருக்கும் என்றுதான் நினைத்தேன். பொருக்கு பெயர்ந்து வந்தது. கீழே வெறும் நெற்றி.

அப்போது வளர்மதி டீயோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயையோ, பெயின்ட் பேந்துருச்சா?"

"இல்லைங்க. அடியில இப்புடித்தான் இருக்கு."

"பொட்டு?"

"வரஞ்சவரு வைக்கலை. இங்கிட்டு வந்து பாருங்க. பிரஷ் போன தடம் நெத்தி முழுக்க ஒரே ஓட்டமா இருக்கு. நடுவுல எங்கயும் நிக்கலை."

"சேலை?"

"வெள்ளை. மஞ்சள் வார்னிஷோட நெறம்."

அவர் டீயைத் தரையில் வைத்தார். படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அப்ப இத்தன வருசமா நாங்கள்லாம் வார்னிசையா கும்புட்டோம்?"

செல்போனை எடுத்து நெற்றியைப் போட்டோ பிடித்தார். கிட்டே போய் இன்னொன்றும் பிடித்தார்.

"இந்த வீட்டு வழக்கப்படி சேலைய எடுத்துப் பொண்ணுக்குக் குடுக்குறது பெத்தவ. நான் குடுக்கக் கூடாதாம். எங்க அண்ணி குடுக்குமாம். நான் கொல்லையில காய் நறுக்கணும். எம் மகளுக்கு ஒரு சேலைய நான் எடுத்துக் குடுக்கணும் ஆர்ட்டிஸ்ட். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இவளும் என்னைய மாதிரிதானே ஒக்காந்திருக்கா?"

"நான் நகல் எடுக்கறவன்ங்க..."

"ஒங்களத் தீர்ப்பா சொல்லச் சொன்னேன்? இருக்கிறத இருக்கிற மாதிரி போடுங்க."

ரத்தம் வரும் வரை

நான் உடனே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொணப்பூச்சில் யாருக்கும் பொட்டு கிடையாது. சாம்பல் முகம், சாம்பல் சேலை. ஒரு பூச்சு காயப் பத்து நாள் என்று மாசி போனது, பங்குனி வந்தது.

நாக்கு செத்துப்போய் ஒருநாள் பொன்னமராவதிக்குப் பஸ்ஸில் போய்ப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். கை கழுவித் திரும்பினால், எதிரே இருந்த ஹார்டுவேர் கடைப் படியில் வளர்மதி நின்றுகொண்டிருந்தார்.

"ஆர்ட்டிஸ்ட், ஆத்தா எறங்க மாட்டா, பாத்துக்கங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

முகத்தில் நிறம் ஓட்ட ஆரம்பித்ததும் தினமும் வந்து பார்த்தார். "இன்னைக்கு ரத்தம் வந்துருச்சு" என்றார் ஒருநாள். அன்றுதான் போட்டோவைக் கொண்டுபோய் அண்ணியிடமும், ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பெரியம்மாக்களிடமும் காட்டியிருக்கிறார்.

கதிரேசன் எல்லாரையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"பழைய பெயின்ட்டு. ஆர்ட்டிஸ்ட் தேச்சதுல பொட்டு கழண்டு போச்சு. அதுக்கு இவ ஒரு கதை கட்டுறா. அப்புடித்தானே ஆர்ட்டிஸ்ட்?"

பெரியம்மாக்கள் என்னைப் பார்த்தார்கள். வளர்மதியும் பார்த்தார்.

"பழைய படம்ங்க. முன்னப்பின்ன இருக்கும்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அன்று மாலை கதிரேசன் தனியாக வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. எங்கப்பா சாகுறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. பத்தொம்பது வயசுல தாலி அறுத்தவ. ஒத்தையா நின்னு யாவாரம் பாத்தா. இந்த வீடு, வயலு எல்லாம் அவ சம்பாத்தியம். புள்ளை இல்லாம எங்க பாட்டனத் தத்தெடுத்தா."

"அப்ப அப்புடியே கும்புடலாமேங்க."

"கல்யாண வீட்டுல முண்டச்சிய எப்புடிங்க கும்புடுறது? அதான் பொட்ட வச்சோம். அவளுக்கு மரியாதைக்குத்தானே வச்சோம்?"

அவர் அதை மனதாரச் சொன்னார். தவறு செய்கிற முகம் அவருக்கு இல்லை.

"சேலைய மஞ்சளாக்கிருங்க. பொட்ட வச்சுருங்க. பழசு படையலுக்கு மொத நாள் ஊருணிக்குப் போயிரும். அப்புறம் ஒங்க படந்தான் ஆத்தா."

ஸ்டிக்கர் பொட்டு

மறுநாள் டீ கொண்டுவந்த வளர்மதியிடம் இதைச் சொன்னேன். முந்தின நாள் நான் சொன்ன பதிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

"தொடச்சா வர்ற மாதிரி பொட்டு வைக்க முடியுமா?"

"முடியும். வார்னிஷ் அடிச்சுக் காஞ்ச பெறகு அதுக்கு மேல வச்சாப் போதும். டர்பன்டைன் துணியில ரெண்டு தேய்ப்புல வந்துரும். கீழ இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப அப்புடி வைங்க. சேலை மஞ்சளாவே கெடக்கட்டும். படையலன்னைக்கு எல்லாரும் நிக்கையில நான் தொடச்சுக் காட்டுறேன். மேல ஒட்டுனதுதான்னு அப்பத் தெரிஞ்சுரும்ல? ஒங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பழிய நான் வாங்கிக்கிறேன்."

"செய்றேன்" என்றேன். இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி, அதில் டர்பன்டைன் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

சொன்னபடியே செய்தேன். சேலைக்கு மஞ்சள் ஓட்டினேன். மெல்லிய வார்னிஷ் ஒரு கை அடித்தேன். காய்ந்ததும் அதன்மேல் பொட்டு வைத்தேன். கதிரேசன் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று போய்விட்டார்.

எனக்குச் சரியாக இல்லை.

மூன்று மாதம் பூச்சுமேல் பூச்சாக எழுப்பிய முகம் அது. புருவத்துக்கு மேலே வெளிச்சம் தோலுக்கு உள்ளிருந்து வந்தது. மேலுதட்டில் வியர்வை நிற்பது போல இருந்தது. அதன் நடுவில் கடையில் வாங்கி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு வட்டம் மிதந்தது. வெளிச்சம் அதில் படவே இல்லை. தள்ளி நின்று பார்த்தேன். ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மத்தியானச் சோறு சாப்பிட்டு வந்ததும் டர்பன்டைன் துணியை எடுத்துப் பொட்டைத் துடைத்தேன். நான் வளர்மதியிடம் சொன்ன கணக்கு தப்பவில்லை. இரண்டாவது தேய்ப்பில் வந்துவிட்டது. நெற்றியிலிருந்த வார்னிஷையும் எடுத்தேன். பிறகு பொட்டை முறைப்படி வைத்தேன்.

அடியில் கொஞ்சம் பழுப்பு, அதில் சிவப்பு. ஓரத்தை விரல் நுனியால் தோலுக்குள் கரைத்துவிட்டேன். மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு. மூக்கின் தண்டில் குங்குமத் தூள் இரண்டு பொடி உதிர்ந்தது போல ஒற்றி எடுத்தேன். என் ஆயுளில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அந்தப் பொட்டும் ஒன்று. சீக்கிரம் காய்வதற்கு மருந்து கலந்து, மூன்று வாரம் வெயில் படும் இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு மொத்தப் படத்துக்கும் இரண்டு கை வார்னிஷ். பொட்டு இப்போது அதற்கு அடியில்.

அந்த மூன்று வாரமும் வளர்மதி டீ கொண்டுவந்தார். சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "மேலதானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

சொல்லியிருந்தால் அதை அழிக்கச் சொல்லியிருப்பார். பொட்டு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

நாலு தேய்ப்பு

படையலுக்கு முதல் நாள் பழைய படத்தை நாலு பேர் ஊருணிக்கு எடுத்துப் போனார்கள். எண்ணெய் ஏறிய துணி மூழ்கவில்லை. முகம் மேலே பார்த்தபடி கொஞ்ச நேரம் மிதந்தது. செங்கல் கட்டி அமிழ்த்தினார்கள். போட்டோவை யாரும் நம்பவில்லை; வெறும் நெற்றிக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அதோடு போனது.

மறுநாள் காலையில் நடுவீட்டில் என் படம் நின்றது. முன்னால் ஏழு இலை, பலகாரம், தாம்பாளத்தில் மஞ்சள் பட்டு. பலகையில் திவ்யா. அண்ணி சேலையை எடுக்கக் குனிந்தார்.

வளர்மதி கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார். கையில் துணி. அறை முழுக்க டர்பன்டைன் வாசம்.

"ஒரு நிமிசம் நில்லுங்க அண்ணி. எல்லாரும் பாருங்க. இவளுக்குப் பொட்டு கெடையாது. இவளும் தாலி அறுத்தவதான். இந்தப் பொட்டு மேல ஒட்டுனது. இப்ப வந்துரும், பாருங்க."

தேய்த்தார். ஒன்று, இரண்டு. நின்று பார்த்தார். மூன்று, நான்கு. வார்னிஷ் லேசாக மங்கியது. பொட்டு அசையவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு ஒரு துளிகூட இல்லை.

ஒரு பெரியம்மாதான் முதலில் கத்தினார். "விடல பாரு! ஆத்தா விடல பாரு! தொடாதடி, அவ பொட்டத் தொடாத!"

அதற்குப் பிறகு குலவைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் வளர்மதியின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பலகையிலிருந்து திவ்யா அழுதுகொண்டே, "ஏம்மா இப்புடிப் பண்ற? என் கல்யாணத்துலதான் பண்ணணுமா?" என்றாள்.

வளர்மதி என்னைத் தேடிப் பார்த்தார். தூணை ஒட்டி நின்றிருந்தேன்.

"மேல வைக்கிறேன்னு சொன்னீங்களே."

எனக்கும், பக்கத்தில் நின்ற கதிரேசனுக்கும் மட்டும்தான் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பொட்டு நான் வைத்தது, பூச்சுக்கு அடியில் இருக்கிறது, பழைய படத்தில் அது இல்லை. இதில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் போதும்.

கதிரேசன் வேறொரு தாம்பாளத்திலிருந்த சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். கூட்டம் என்னைக் கும்பிட்டது. நானும் கை கூப்பினேன்.

அண்ணி சேலையை எடுத்துத் திவ்யாவிடம் கொடுத்தார்.

பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனேன். வளர்மதி குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். டர்பன்டைன் வாசம் ஒரு கழுவில் போகாது.

"போறேங்க" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"நல்லா வரஞ்சிருக்கீங்க" என்றார்.

ஆலங்குடிக்காரர்

பொன்னமராவதியில் பஸ் ஏறிப் புதுக்கோட்டை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். ஃபிரேம் கடைக்கு மறுபடி போக மனமில்லை. டீக்கடையில் நின்றபோது போன் வந்தது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. பேசியவர் ஆலங்குடியில் தேங்காய் வியாபாரி. முந்தின நாள் படையலுக்கு வந்தவர்.

ஒன்பது மணிக்கு அவர் தேங்காய்க் குடோனில் இருந்தேன். மட்டை உரிக்கும் இடத்தைத் தாண்டி ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தார். துணி, சட்டம், ஆணி எல்லாம் தயாராக இருந்தன. எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுலயும் ஒரு ஆத்தா இருக்காங்க. படம் கெடையாது. எங்க சித்தி சாயல்ல இருப்பாங்கன்னு சொல்லுவாங்க. சித்திய வரச் சொல்றேன், பாத்துப் போடுங்க. பொட்டு மட்டும் நேத்துப் பாத்தேன்ல, அதே மாதிரி இருக்கணும். யாரு தேச்சாலும் போகக் கூடாது."

"போகாதுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் போகும்போது கேட்டேன். "அவுங்க புருசன் இருக்கையிலயே போனவுங்களா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீங்க பொட்ட வச்சுருங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார்.

துணியைச் சட்டத்தின்மேல் விரித்தேன். ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்து முதல் ஆணியை அடித்தேன்.